ஊதா நிறத் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் திருகோணமலையில் ஒரு மண்டபத்தில், தேநீரும் வடையும் தந்து, தண்ணீரைக் காரமாக்கும் (அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ளதாக்கும்) இயந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். அமிலத்துக்கு ஒரு நிறமும் காரத்துக்கு வேறு நிறமும் காட்டும் ஏதோ ஒரு திரவத்தைச் சில சொட்டு விட்டதும் குளிர்பானம் மஞ்சளாயிற்று, குழாய்த் தண்ணீர் பச்சையாயிற்று, இயந்திரத்துத் தண்ணீர் ஊதாவாயிற்று. ஊதாவைக் குடித்தால் இரத்தத்திலுள்ள அமிலம் கழுவுண்டு போய்விடுமாம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற நான் வடையைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அது என் பிழை. பக்கத்து வீட்டுக் கடற்றொழிலாளி இப்போது மனைவியின் காப்பை அடகு வைத்து அதை வாங்க நிற்கிறார்.

அமிலமா காரமா என்று சொல்லும் அளவு பிஎச்; 7 நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இரத்தத்தின் பிஎச் பெறுமானம் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். 6.8க்குக் கீழே போனால் உயிர் தங்குவது அரிது. இவ்வளவு ஒடுங்கிய வரம்பை ஒரு குவளைத் தண்ணீரிடமா உடல் ஒப்படைத்திருக்கும்? குடித்த ஊதா நீர் முதலில் இரைப்பையில் விழுகிறது. அங்கே பிஎச் 2 அளவிலான அமிலம் காத்திருக்கிறது. ஊதாவின் கதை அங்கேயே முடிந்துவிடும். தப்பிப் போகும் காரத்தையும் சிறுநீரகம் பிடித்து வெளியே விட்டுவிடும். ஒரு வாரத்தில் சிறுநீரில் நனைத்த தாள் நிறம் மாறும் என்று அவர்கள் காட்டும் அத்தாட்சி இதுதான். வேண்டாம் என்று சிறுநீரகம் எறிந்ததை மருந்து வேலை செய்கிறது என்று விற்கிறார்கள்!

அமிலம் உடலில் ஓயாமல் உண்டாவது உண்மை. அதில் பெரும்பங்கு, நீரில் கரைந்து அமிலமாகும் காபனீரொட்சைட்டு. அதை நுரையீரல் ஊதித் தள்ளுகிறது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் நமக்கு மூச்சு வாங்குவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். மூச்சு சில நிமிடங்களிலேயே சரிசெய்யத் தொடங்கும். சிறுநீரகம் ஆறுதலாக, நாட்கணக்கில் செய்யும். ஆனால் அமிலத்தின் ஐதரசன் அயன்களை வெளியேற்றி, அமிலத்தை அடக்கும் இருகாபனேற்றைப் புதிதாக ஆக்கித் தருவது அதுதான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றரை வடித்து, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக விட்டு, மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. இப்படியொரு இயந்திரம் இரண்டு ஏற்கெனவே நம் இடுப்புக்கு மேலே இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது அமிலமும் அல்ல, நீர்க்குறைவு. கச்சான் காற்று வீசும் நாட்களில் (தின்னும் கச்சான் அல்ல, தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட வெப்பக் காற்று; வெளியூர் வாசகர்கள் மன்னிக்கவும்) விடிகாலையில் போய் உச்சி வெயிலில் கரை சேர்கிறார். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போகிறது என்றார். நீர் குறைந்து இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும்போது மூளை தாகத்தைக் கிளப்பும். ஓமோன் ஒன்றை விட்டுச் சிறுநீரையும் சுருக்கும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் சரியல்ல. உப்புப் போட்ட கஞ்சி அவர் வீட்டிலேயே இருக்கிறது.

வயிற்றோட்டம் என்றால் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த தூள். குடற்சுவர் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். ஆனால் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதியைக் குவளையில் கொட்டிக் குழந்தைக்குப் பருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். உப்புக் கூடினால் அது ஆபத்து.

உண்மையில் அமிலம் ஏறுவது சிறுநீரகம் பழுதானவர்கள், சீனி வியாதி கட்டுமீறியவர்கள் போன்ற நோயாளிகளுக்கு. அவர்கள் போக வேண்டிய இடம் கிளினிக். சிறுநீரக நோயாளிகள் செவ்விளநீரைக்கூட டொக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

உங்கள் மருத்துவப் பக்கத்துக்கு ஒரு சிறுநீரக வைத்திய நிபுணரிடம் இதைப் பற்றி எழுதி வாங்கிப் போடுங்கள். நான் சொன்னால் "ரீச்சருக்கு வயது போய்விட்டது" என்கிறார்கள். அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில் என்று துண்டுப்பிரசுரம் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருகோணமலை