ட்யூபை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் எடுத்த முடிவின்படி, பாதரசம் உள்ள பழைய ட்யூப்லைட்டுகளின் உற்பத்தியும் ஏற்றுமதி, இறக்குமதியும் 2027-க்குள் முடிவுக்கு வரவேண்டும். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அதனால் பழைய இரும்பு ஃபிட்டிங்கில் எல்.இ.டி. ட்யூப் போடுவது இனி இன்னும் பெருகும். 'பழையதை உருவிட்டு இதை மாட்டுங்க, எரியும்' என்று கடையில் சொல்லி அனுப்புவதில்தான் வம்பு தொடங்குகிறது.

நான்கடி எல்.இ.டி. ட்யூப்பில் மூன்று வகை உண்டு: செப்புச் சோக்கோடு எரிவது, எலெக்ட்ரானிக் சோக்கோடு எரிவது, நேரடியாக 230 வோல்ட்டில் எரிவது. நீளமும் முனையிலுள்ள பின்களும் ஒன்றே என்பதால் எதையும் எதிலும் மாட்டிவிடலாம். முதல் வகையோடு ஸ்டார்ட்டர் போலவே ஒன்று தருவார்கள். உள்ளே வெறும் ஃபியூஸ்தான். அதைப் போடாமல் பழைய ஸ்டார்ட்டரையே விட்டுவைத்தால் ட்யூப் மினுக்கிக்கொண்டே இருக்கும். எலெக்ட்ரானிக் சோக் தரும் உயர் அதிர்வெண் மின்சாரத்தில் நேரடி வகையை மாட்டினால் அதன் டிரைவர் (உள்ளிருக்கும் மின்சுற்று) போய்விடும்.

நேரடி வகை ட்யூபை வாங்கி, சோக்கைக் கழற்றி நேரடி சப்ளை கொடுப்பதே மேல். பழைய சோக்கை விட்டுவைத்தால், என்றைக்காவது அது போகும்போது நல்ல ட்யூபும் சேர்ந்து அணையும். (கழற்றிய செப்புச் சோக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை உண்டு.)

சுவர் ஸ்விட்சை நம்பாமல் மெயினை அணைக்க வேண்டும். பல பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கும். அணைத்த பிறகும் ஃபிட்டிங்கில் ஃபேஸ் நிற்கும். சோக், ஸ்டார்ட்டர் ஹோல்டர், கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது. பிறகு ட்யூப்பில் சப்ளை என்று குறித்த முனையின் ஹோல்டரில், ஒரு பின்னுக்கு ஃபேஸ், மறு பின்னுக்கு நியூட்ரல். எதிர் முனை ட்யூபைத் தாங்க மட்டுமே. அங்கே வயர் வேண்டாம். சில ஹோல்டர்களில் இரண்டு தொடுமுனைகளும் உள்ளேயே இணைந்திருக்கும். மல்டிமீட்டரில் பார்க்காமல் அதில் சப்ளை கொடுத்தால் நேரடி ஷார்ட்தான். எர்த் வயரைக் கழற்றவே கூடாது.

ஒரு முனையில் ஃபேஸும் மறு முனையில் நியூட்ரலும் கேட்கும் ட்யூபைத் தவிர்ப்பது நல்லது. ஒரு பக்கம் மாட்டியதும், ஏணியில் நிற்பவர் கையிலிருக்கும் மறு பக்கப் பின்னிலும் ஷாக் அடிக்கலாம்.

வேலை முடிந்ததும் 'எல்.இ.டி. மட்டும், சப்ளை இந்தப் பக்கம்' என்று ஃபிட்டிங்கிலேயே மார்க்கரால் எழுதுங்கள். தெரியாமல் யாராவது பழைய ட்யூபை மாட்டினால் 230 வோல்ட்டும் அதன் இழையிலேயே பாயும்.

இரவில் அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் ட்யூபைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கும், அல்லது அதில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருக்கும்.

36 வாட் ட்யூபும் சோக்கும் சேர்ந்து சுமார் 48 வாட் இழுக்கும், எல்.இ.டி. 20 வாட். தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் ஒரு ட்யூபுக்கு 10 யூனிட் மிச்சம். ஹோல்டர் வெடித்து, தகடு துருப்பிடித்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண், புதிய எல்.இ.டி. பேட்டனே (ஃபிட்டிங்கும் விளக்கும் ஒன்றாக வருவது) வாங்கிவிடலாம்.

பள்ளி, அலுவலக டெண்டர்களில் வாட்டை மட்டும் எழுதாமல், சோக்கை நீக்கி ஒரு முனை சப்ளையாக மாற்றுவதையும், கழற்றிய ட்யூபுகளை உடைக்காமல் மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

– ஒரு மின்கம்பியாளர், ஈரோடு