பொருள்: உள்நுழைவுக் குறியீடு நேரத்துக்கு வராதது குறித்த புகார்

அனுப்புநர்: நண்டு மொத்த வியாபாரி, மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பில் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டியும், வியாபார நேரத்தில் அதைத் திறக்க முடியாமல் தவிக்கிறேன். கடவுச்சொல்லுக்குப் பிறகு குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கேட்கிறீர்கள். கடையில் பிராட்பேண்ட் இணையம் ஒழுங்காக ஓடுகிறது; கைப்பேசிச் சிக்னல்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்.

கடந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நண்டை எடை போட்டு, ஐஸ் பெட்டிகளை ஏற்றி, லாரி புறப்படத் தயாராக நின்றது. 5.04க்குக் கேட்ட குறியீடு 5.12க்கு வந்தது. போட்டால், ‘காலாவதியாகிவிட்டது’ என்றது திரை. மறுபடி கேட்டால் முந்தையது செல்லாது. வந்திருப்பது எந்தக் குறியீடு என்பதும் தெரியாது. பிந்தி வந்தவற்றையெல்லாம் தவறான முயற்சி என்று எண்ணி, ஒரு நாள் முழுக்கக் கணக்கைப் பூட்டிவிட்டீர்கள். லாரி கைச்சீட்டோடு போனது. வாங்கியவர்கள் எடையை ஒப்புக்கொள்ளாமல் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் உதவி மையத்தில் பேசியவரோ, “குறியீடு வந்ததும் எங்களிடம் சொல்லுங்கள், நாங்களே உள்ளே போய்ப் பார்க்கிறோம்” என்றார். யாரிடமும் பகிராதீர்கள் என்று அதே குறுஞ்செய்தியில் எழுதுவதும் நீங்கள்தானே? நாளை ஒரு மோசடிக்காரன் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் கணக்குப்பிள்ளை எப்படி மறுப்பார்? அவரைப் போன்றவர்களுக்கு நீங்கள் பழக்கும் பழக்கம் இது.

பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண்கள்தான் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவனைத் தடுக்க முயற்சிக்கு வரம்பு வேண்டும்தான். நான் கேட்பது, குறியீட்டைக் கைப்பேசியே உண்டாக்கும் வசதி. அதற்கான பொதுத் தரம், ஆர்எஃப்சி 6238, 2011இலேயே வந்துவிட்டது. நீங்கள் தரும் ரகசியச் சாவியை, அதாவது கணக்குக்கே உரிய ஒரு ரகசிய எண்ணை, க்யூஆர் வழியாக ஒருமுறை கைப்பேசியில் பதிந்துவிட்டால், அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கைப்பேசி வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு குறியீட்டைக் கணக்கிடும். சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப்பார்க்கும். சிக்னலே தேவையில்லை. கைப்பேசி கடலில் விழுந்தாலும் சமாளிக்க, அச்சடித்து வைத்துக்கொள்ளும் மாற்றுக் குறியீடுகளும் தாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகுச் சரக்கை நம்பித்தான் எங்கள் தொழில். அதற்குள் இந்த வசதியைச் செய்து தாருங்கள். உதவி மையத்தில் குறியீடு கேட்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இயலாதென்றால் மீதிச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்