புறப்பாடு நிற்கக் கூடாது

ஆசிரியருக்கு,

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலை, தென்கலை தரப்பினர் மோதிக்கொண்ட செய்தியைப் படித்து மனம் கசந்துவிட்டது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புரட்டாசி சனிக்கிழமை வந்தால் நாமம் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிச் சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை போடும் குடும்பங்கள் ஏராளம். அது எந்தக் கலை நாமம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வைகாசி கருட சேவைக்கு வேலூரில் பஸ் மாறிக் காஞ்சிக்குப் போகிறவர்களும் இவர்களில் உண்டு.

இரு தரப்பும் ஓதுவது அதே நாலாயிரத் திவ்யப் பிரபந்தம்தான். சண்டையெல்லாம் அதற்கு முன் ஆசாரியரைப் போற்றிச் சொல்லும் தனியன் என்ற சுலோகத்தில். தென்கலையார் மணவாள மாமுனிகளைப் போற்றும் 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' சொல்வார்கள். வடகலையார் வேதாந்த தேசிகரைப் போற்றும் 'ராமாநுஜ தயாபாத்ரம்'. கோயிலில் பிரபந்தம் ஓதும் பரம்பரை உரிமையான இந்த அத்யாபக மிராசு பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1882-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2022 மே மாதம் ஒரு தனி நீதிபதி, தென்கலையார் முன்வரிசைகளில் அமர்ந்து தங்கள் தனியனை முதலில் சொல்லட்டும், பின்னால் இருக்கும் வடகலையார் தங்களுடையதை அடுத்துச் சொல்லட்டும் என்று வழி காட்டினார். அதுவும் மேல்முறையீட்டுக்குப் போனது.

சரி, வழக்காடுவது அவரவர் உரிமை. தலைமுறைகளாகக் காத்துவந்த வழக்கத்தை யாரும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெருமாள் எழுந்தருளியிருக்கும்போது அவர் எதிரிலேயே தள்ளுமுள்ளு நடப்பதையும், போலீஸ் வந்து விலக்கிவிடுவதையும் எப்படிப் பொறுப்பது? பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறவர் இந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. தரிசனம் கெடுவது அவருக்குத்தான்.

இதன் கெடுதல் காஞ்சியோடு போவதில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழாவை யார் நடத்துவது என்று இரண்டு வகையறாக்கள் முறைத்துக்கொண்டால் தாசில்தார் அமைதிப் பேச்சுக்குக் கூப்பிடுவார். ஒத்துவராவிட்டால் கோயிலுக்குப் பூட்டு விழும். அப்போது நியாயம் பேசப் போனால், "பெரிய கோயிலிலேயே அடித்துக்கொள்கிறார்கள், எங்களைச் சொல்ல வந்துவிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள்.

இந்து சமய அறநிலையத் துறை ஒன்று செய்யலாம். அந்தந்த நேரத்தில் நடப்பில் இருக்கும் நீதிமன்ற உத்தரவைப் புரியும் தமிழில் எழுதிக் கோயில் வாசலில் பலகையாக வைக்கட்டும். யார் எங்கே நிற்பது, எதை எப்போது சொல்வது என்று பக்தர்களுக்கும் தெரியட்டும். அதை மீறுகிறவர் எந்தக் கலையானாலும் அன்று ஓதும் கோஷ்டியில் சேர்க்கக் கூடாது. உத்தரவை மாற்ற வேண்டுமா, நீதிமன்றத்தில் கேட்கட்டும். பெருமாளின் வீதியுலாப் புறப்பாடு மட்டும் குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும்.

- ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.