நெல்லைக் குளங்களும் நம் பறவைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே குளத்தங்கரைக்கு வந்து நிற்கும் உறுப்பினர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் பறவை ஆர்வலர் சங்கத்தின் பணிகளை இங்கே சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒன்றும் தவறவில்லை. மழையால் இரண்டு ஞாயிறு நடைகள் நின்றுபோயின. மற்றபடி வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. அதனால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த வருடம் நம்மை அதிகம் அலைக்கழித்த ஒரு விஷயத்தைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறேன். குளத்துக்குள் நிற்கும் உடைமரங்களை, அதாவது சீமைக் கருவேலத்தைப் பற்றித்தான்.

சென்ற மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, நம் உறுப்பினர் ஒருவர் பதற்றமாக போன் செய்தார். அவர் ஊர்க் குளத்தில் ஜேசிபி இறங்கி மரங்களைச் சாய்க்கிறது, கொக்குக் குஞ்சுகள் தரையில் கிடக்கின்றன என்றார். நாங்கள் நான்கு பேர் போய்ச் சேரும்போது மணி பத்து. கீழ்ப்பக்கத்து மரங்கள் முழுவதும் போய்விட்டன. சின்னக்கொக்கு, குருட்டுக்கொக்கு, வக்கா, சின்ன நீர்க்காகம் என்று நான்கு வகைப் பறவைகளின் கூடுகள் அந்த மரங்களில் இருந்திருக்கின்றன. தாய்ப்பறவைகள் இறங்க இடமில்லாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. (ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்று நம்மோடு நல்ல முறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)

யார் மேல் கோபப்படுவது என்று பார்த்தால், அங்கே இருந்த யாரும் பறவைக்கு எதிரி இல்லை. ஒப்பந்தக்காரருக்கு ஜூன் பிறப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கால்வாய் வழியாகக் குளத்துக்கு நீர் வந்துவிடும், அப்புறம் வண்டி இறங்க முடியாது. அனுமதி வாங்கி வண்டல் எடுக்கக் காத்திருந்த விவசாயிகளுக்கும் அதே அவசரம். குளத்தின் பாதியை உடைமரம் அடைத்துக்கொண்டு, கொள்ளளவு குறைந்து, கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை என்பது அவர்களுடைய நீண்ட நாள் குறை. அது நியாயமான குறை. இந்தச் சீமைக் கருவேலம், விறகுக்கு ஆகும் என்று ஒரு காலத்தில் அரசே பரப்பிய வெளிநாட்டு மரம். இதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது நம்மில் பலர் கைதட்டினோம். நானும் கைதட்டியவன்.

ஆனால் இன்று நம் பக்கத்துக் குளங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்ட மிஞ்சியிருக்கும் மரம் பெரும்பாலும் இதுதான். முன்பு குளத்துக்குள் நாட்டுக் கருவேலம் நின்றது. அது போன இடத்தில் இது வந்தது. பறவை மரத்தின் பூர்வீகத்தைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதா, முள் இருக்கிறதா, நாயும் கீரியும் ஏறி வராமல் இருக்குமா என்றுதான் பார்க்கிறது.

வடகிழக்கு மழை முடிந்து குளம் நிறைந்த பிறகு இவை கூடு கட்ட ஆரம்பிக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. முதல் ஜோடியின் குஞ்சு பறக்கும்போது கடைசி ஜோடி அப்போதுதான் சுள்ளி சேர்த்துக்கொண்டிருக்கும். சின்னக்கொக்கின் முட்டை பொரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். குஞ்சு நன்றாகப் பறக்க இன்னும் ஆறு வாரம். சங்குவளை நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இதைவிட அதிக காலம் வேண்டும். ஆக, நீர் வற்றி மராமத்து வேலை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் கடைசிக் குஞ்சுகள் இன்னும் கூட்டில்தான் இருக்கும். சிக்கல் முழுவதும் இந்த ஓரிரு மாதத்தில்தான் இருக்கிறது.

அன்று மதியம் வரை பேசினோம். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு மடைக்குடும்பராக (மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடுபவராக) இருந்த பெரியவர் ஒருவர் குளத்துக்குள் இறங்கி வந்து, கீழே கிடந்த ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நடுவுல நிக்குத கூட்டத்தை மட்டும் விட்ருங்கய்யா, மத்தத முடிங்க. இதுக பறந்த பெறகு பாத்துக்கிடலாம்” என்று சொன்னார். அவர் சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பு இருந்தது. ஒப்பந்தக்காரரும் ஒத்துக்கொண்டார். குளத்தின் நடுவில் இருந்த மரக்கூட்டம் தப்பியது. அதில் நாங்கள் எண்ணியபோது 41 கூடுகள் இருந்தன.

கீழே விழுந்த குஞ்சுகளில் 23-ஐ உயிரோடு எடுத்தோம். அவற்றில் பிழைத்தவை 9 மட்டும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று நல்ல மனதோடு உதவ வந்த சிலர் செய்த காரியம் குஞ்சுகளுக்குக் கெடுதலாகப் போயிற்று. கொக்குக் குஞ்சின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்துவிட்டு, கூடிய சீக்கிரம் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வீட்டில் வைத்து வளர்க்கவும் முடியாது. இதற்காக ஜூன் மாதத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து அரைநாள் பயிற்சி நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊர் இளைஞர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்த மரக்கூட்டத்தை ஜூலை நடுப்பகுதி வரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தோம். கடைசிக் கூடு காலியானது ஜூலை 14 அன்று. டிசம்பர் மழைக்குப் பிறகு குளம் நிறைந்ததும் அதே மரங்களில் மறுபடியும் நீர்க்காகங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இந்த அனுபவத்தை வைத்து உரிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சீமைக் கருவேலத்தை வெட்டவே கூடாது என்று நாம் கேட்கவில்லை. வேலை தொடங்கும் முன் குளத்தில் கூடு இருக்கிறதா என்று ஒரு நாள் பார்த்துச் சொல்ல நம்மை அனுமதியுங்கள். கூடு உள்ள மரக்கூட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சு இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். எடுக்கும் மண்ணில் ஒரு பங்கைக் குளத்துக்குள்ளேயே திட்டாகப் போட்டு, அதில் நாட்டுக் கருவேலம் நட்டு, அது கூடு தாங்கும் அளவுக்கு வளரும்வரை பழைய மரத்தில் கொஞ்சத்தை விட்டு வையுங்கள். கேட்டது இவ்வளவுதான். எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை. நேரில் போனபோது பொறுமையாகக் கேட்டார்கள். இந்த மே மாதத்துக்கு முன் மறுபடியும் போக வேண்டும்.

நாம் சும்மா இருக்கவில்லை. அதே குளத்தின் இரண்டு திட்டுகளில் நாட்டுக் கருவேலக் கன்றுகளும், கரையில் புங்கனும் நீர்மருதும் நட்டோம். ஆடு கடிக்காமலிருக்கப் பனைமட்டையால் கூண்டு கட்டிக்கொடுத்தது ஊர்ப் பெண்கள் குழு. கரையில் வைத்த புங்கன் பெரும்பாலும் பிழைத்துவிட்டது. திட்டில் வைத்த கருவேலத்தில் ஒரு பகுதி டிசம்பர் வெள்ளத்தில் மண்ணோடு போய்விட்டது. திட்டை இன்னும் உயரமாகப் போட வேண்டும், ஓரத்தில் வெட்டிவேர் வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். அடுத்த முறை அப்படிச் செய்யலாம்.

இனி கணக்கெடுப்புகள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அதோடு சேர்ந்து, 2011 முதல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் குளங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் நம் சங்கத்திலிருந்து மூன்று குழுக்கள் கலந்துகொண்டன. நயினார்குளம், வேய்ந்தான்குளம் போன்ற நகரக் குளங்களுக்குப் புதியவர்களை அனுப்பினோம். பெரிய குளங்களுக்குத் தொலைநோக்கியோடு பழகியவர்கள் போனார்கள். எண்ணிக்கையை ஒருங்கிணைப்பாளர்களிடம் கொடுத்துவிட்டோம். முழு விவரம் அவர்கள் வெளியிடும் அறிக்கையில் வரும்.

“இந்த வருடம் வாத்தே இல்லையே, குறைந்துவிட்டதா?” என்று பலர் கேட்டார்கள். அவசரப்பட வேண்டாம். டிசம்பர் நடுவில் பெய்த கனமழையில் குளங்கள் எல்லாம் மறுகால் பாய்ந்தன. ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் மேலோட்டமாகத் துழாவித் தின்பவை. உள்ளான்களுக்கும் பவளக்கால் உள்ளானுக்கும் கால் எட்டும் ஆழமும் சேறும் வேண்டும். குளம் கரை தட்டி நிற்கும்போது அவை வயல்களிலும் சிறு குட்டைகளிலும் சிதறிப்போகும். நாம் எண்ணும் குளத்தில் இல்லை என்பதால் நாட்டிலேயே இல்லை என்று ஆகாது. அதற்காகத்தான் ஒரே குளத்தை வருடாவருடம் எண்ணுகிறோம், நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறிக்கிறோம். தாளில் நீர்மட்டக் கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்கள் அடுத்த முறை தயவுசெய்து நிரப்புங்கள். அந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே மாறிவிடும்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், பிப்ரவரி 14 முதல் 17 வரை நடந்த கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பிலும் பள்ளிப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும் என்பதால் தயக்கமில்லாமல் வந்தார்கள். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டு மாடியிலிருந்தே பனை உழவாரன், தேன்சிட்டு, செம்போத்து, கரிச்சான் என்று பட்டியல் போட்டுவிட்டு, கரிச்சானை அவள் ஆச்சி ‘கருவாட்டுவாலி’ என்று சொல்வதையும் பக்கத்தில் எழுதியிருந்தாள். இப்படி ஊர்ப்பெயர்களைத் திரட்டும் வேலையை இந்த வருடம் தொடங்கியிருக்கிறோம். ஒரு நோட்டு நிரம்பியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கேட்டு எழுதி அனுப்புங்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இந்தப் பட்டியல்கள் எங்கே போகின்றன என்று கேட்பவர்களுக்கு: 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான் 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடு முழுக்கக் குறைந்து வருகிறது என்பதும் அதில்தான் தெரிந்தது. நம் தேரிப் (செம்மணல் மேட்டுப்) பக்கத்தில் பனங்காடை இன்னும் கண்ணில் படுகிறது. அதனால் இந்த வருடம் பனங்காட்டு வழியாக இரண்டு தடங்களைத் தேர்ந்து மாதம் ஒருமுறை எண்ணத் தொடங்கினோம். ஒரு வருடக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து வருடம் விடாமல் செய்தால் சொல்லலாம்.

பிப்ரவரியில் கூந்தன்குளம் போய்வந்தோம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்க, கீழே எச்சம் விழுந்த வாசலை ஒரு அம்மா முகம் சுளிக்காமல் கழுவிக்கொண்டிருந்தார். தூரத்துக் கரையில் வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. லடாக்கிலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி இங்கே வருகிற பறவை. பஸ்ஸில் ஆட்டம்போட்டு வந்த பிள்ளைகள் அதைக் கேட்டதும் வெகுநேரம் தொலைநோக்கியை விடவே இல்லை.

அங்கே நிற்கும்போது எனக்கு நம் மே மாதக் குளம்தான் நினைவில் இருந்தது. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரை, குஞ்சுக்கு மீன் தேடிச் சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் பிசானப் பருவ நெல் வயல்களுக்கும்தான் போகிறது. சரணாலயத்துக்கு வேலி உண்டு, காவலர் உண்டு. பெயர் தெரியாத அந்தப் பாசனக் குளங்களுக்கு எதுவும் இல்லை. நம் சங்கம் நிற்க வேண்டிய இடம் அந்தக் குளங்கள் என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் இதை ஏற்றிருக்கிறது.

மயில் பற்றி இரண்டு ஊர்களில் கடும் எதிர்ப்பைக் கேட்டோம். விதைத்த உளுந்தைக் கிளறித் தின்றுவிடுகிறது என்கிறார்கள். நேரில் பார்த்தோம், சேதம் உண்மைதான். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க உதவினோம். விஷம் வைப்பது கடுமையான குற்றம் என்பதையும் எடுத்துச் சொன்னோம். இதற்கு மேல் நம்மிடம் நல்ல பதில் இல்லை. வேளாண்துறை அறிந்தவர் யாரேனும் உறுப்பினராக வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வலை வைத்துக் கொக்கு பிடித்ததை ஒருமுறை வனத்துறைக்குத் தெரிவித்தோம், உடனே வந்தார்கள். அவர்களுக்கு நன்றி. மார்ச்சில் வனத்துறை நடத்திய மாநிலம் தழுவிய கணக்கெடுப்பிலும் நம்மவர்கள் கலந்துகொண்டார்கள்.

வரும் வருடத்துக்குச் செயற்குழு முன்வைப்பவை: மராமத்துக்குப் பட்டியலிடப்படும் குளங்களை ஏப்ரல் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி, கூடு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு அமைப்பது, ஒரு பழைய தொலைநோக்கியைப் பழுதுபார்த்து, இன்னொன்று வாங்க நன்கொடை திரட்டுவது, ஊர்ப்பெயர் நோட்டைச் சிறு கையேடாக அச்சிடுவது. குழுவில் சேர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பைக் வைத்திருப்பவர்களும், வார நாளில் காலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களும் முதலில் தேவை.

அந்த மடைக்குடும்பர் பெரியவர் இன்று நம் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சங்கத்தின் கௌரவ உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். அத்துடன் இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்