கத்திரித் தோட்டத்தில் விழுந்து எழுந்த ட்ரோன்: ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவாருக்கும், கடைத்தெருக்காரர்களுக்கும், அணைக்கட்டுப் பக்கத்து உறவுகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை கவுண்டன்ய ஆற்று மணலுக்கு மேலே எங்கள் ட்ரோன் ஓர் ஆள் உயரத்தில் 7 நிமிடம் ஆடாமல் நின்றது. பார்க்க வந்தவர்கள் எனக்கும் மகளுக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையில் கைகொடுத்து உதவியவர்கள் பலர் அன்று அங்கே இல்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் குடியாத்தத்தில் ஃபேன், மிக்சி, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள், “நைனா, நாலு மோட்டார் இருந்தா பறக்க வைக்கலாம்” என்றாள். நாலு மோட்டார்தானே என்று நினைத்தேன். என் திமிர் அது.

எலக்ட்ரானிக் சாமான் கிடைக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போனோம். அங்கே ஒரு கடைத் தம்பி நாங்கள் கேட்டதையெல்லாம் எடுத்துக் கட்டித் தராமல், முதலில் “மொத்த எடை எவ்வளவு வரும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உட்கார வைத்துக் கணக்குப் போட்டார். எஃப்450 என்கிற நாலு கைச் சட்டகம், 2212 வகை மோட்டார் நாலு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி. நாலு, மூன்று செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சாய்வைப் பார்த்து நாலு மோட்டாரையும் சரிக்கட்டும் கே.கே. 2.1.5 போர்டு. விலை கூடிய ஜி.பி.எஸ். போர்டு அலமாரியில் இருந்தும், “முதல்ல இதுல விழுந்து எழுந்திருங்க” என்று அதை விற்க மறுத்த வியாபாரியை நான் அங்கேதான் பார்த்தேன். தம்பி, நன்றி.

அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. உள்ளே காயில் சுற்றிய 12 பல், வெளியே 14 காந்தம். சீலிங் ஃபேன் மாதிரியே வெளி ஓடுதான் சுற்றுகிறது. ஆனால் ஃபேன் நிமிடத்துக்கு நானூறு சுற்றுக்குள் நிற்கும். இது 1000 கே.வி., அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று. எங்கள் பேட்டரியின் 11.1 வோல்ட்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு மோட்டார் தலைகீழாகச் சுற்றியபோது மகள் புத்தகத்தைப் புரட்டினாள். நான் மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது. கிணற்று மோட்டார் திரும்பிச் சுற்றினால் நம் விவசாயிகள் செய்வதும் அதேதான். இருபது வருஷமாக என்னிடம் அதற்காக ஆள் அனுப்பிய எல்லா விவசாயிகளுக்கும் இங்கேயே ஒரு கும்பிடு.

இறக்கையில் மட்டும் என் அனுபவம் என்னைக் கவிழ்த்தது. ஃபேனில் எல்லா இறக்கையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இதிலோ குறுக்காக எதிரெதிரே இருக்கும் இரண்டு ஒரு பக்கமும், மற்ற இரண்டு மறுபக்கமும் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒன்றின் முறுக்கம் மற்றொன்றோடு சரிக்கட்டி, ட்ரோன் பம்பரமாகச் சுழலாமல் நிற்கும். 1045 என்று எழுதிய இறக்கையையும் 1045ஆர் என்று எழுதியதையும் நான் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். விசையைக் கூட்டியதும் மல்லாந்து படுத்துவிட்டது. அந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடித்தது மகள்.

இன்னொரு நாள் இறக்கையைக் கழற்றாமல் மேசையில் சோதித்து ஆள்காட்டி விரலில் மூன்று தையல். திட்டிக்கொண்டே தைத்த நர்சம்மாவுக்கு நன்றி. அன்றிலிருந்து இறக்கைகள் என் மனைவியின் பீரோவுக்குப் போய்விட்டன. மேசைச் சோதனை என்றால் சாவி கிடைக்காது. அவள் போட்ட அந்தச் சட்டத்துக்கும் நன்றி, இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சிக்குப் பெரிய கடன். எலக்ட்ரானிக் தராசை மதிய நேரத்தில் விட்டுக்கொடுத்தார். மோட்டாரைக் கனமான மரக்கட்டையில் திருகி, காற்று மேலே போகும்படி இறக்கையை மாட்டி, தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினோம். காற்று மேலே போனால் கட்டை கீழே அழுத்தும், அந்த அழுத்தம்தான் தூக்கு விசை. 780 கிராம் காட்டியது. நாலுக்கும் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல். எங்கள் ட்ரோன் 1,240 கிராம். எடையைப் போல இரண்டு மடங்காவது தூக்கு விசை வேண்டும் என்று ரிச்சி தெருத் தம்பி சொன்ன கணக்கு தேறியது. மிளகாய்த் தூள் பறந்ததற்கு அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தும்மினார், அவ்வளவுதான்.

அப்புறம் நடுக்கம். தரையைவிட்டு எழும், உடனே காய்ச்சல்காரன் மாதிரி உதறும், ஒரு பக்கமாக நழுவும். போர்டில் பி-கெயினை, அதாவது சாய்வை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்கிற அளவை, குறைத்தோம். உதறல் கொஞ்சம் அடங்கியது, நழுவல் போகவில்லை. பத்து நாள் போனது. சைக்கிள் கடைத் தாத்தாவிடம் சும்மா புலம்பினேன். “இன்னாப்பா, சக்கரம் கோட்டம் எடுக்கிற வேலைதானே இது” என்றார். இறக்கைத் துளையில் பொருந்தும் புஷ்ஷுக்குள் ஒரு ஸ்போக்கைச் செருகி, இரண்டு தம்ளர் விளிம்பில் படுக்க வைத்தார். ஒரு முனை சட்டென்று கீழே இறங்கியது. லேசான முனையில் செல்லோ டேப் ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை வெட்டி வெட்டிச் சரிசெய்தார். நாலு இறக்கைக்கும் ஒரு டீ நேரம். சமநிலை இல்லாத இறக்கையின் அதிர்வு போர்டில் இருக்கும் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. அது சாயாததைச் சாய்ந்ததாக நினைத்துத் திருத்தப் போய்த்தான் நழுவல். தாத்தா பறக்கும் எதையும் தொட்டவர் இல்லை.

வக்கீல் குமாஸ்தா அண்ணன் 2021 ட்ரோன் விதிகளை அச்செடுத்துத் தந்தார். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, வணிகத்துக்கு இல்லையென்றால் பைலட் உரிமம் வேண்டாம், பதிவு எண் உண்டு, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் முன்அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலமா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்.

கடைசியாக மாமனார் ஊர். மே வெயிலில் மொபெட் பெட்டிக்குள் வைத்திருந்த பேட்டரியைத்தான் அன்று போட்டேன். பாதியில் வலுவிழந்து, ட்ரோன் பக்கத்து முள் கத்திரித் தோட்டத்தில் போய் விழுந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்திரி அது. எங்களுக்குக் குறியீடு கையெல்லாம் கிடைத்தது. ஆறு செடி ஒடிந்தது. தோட்டத்து அக்கா காசு வாங்கவில்லை. முள் குத்தாமல் காம்பைப் பிடித்து ட்ரோனை எடுத்துக் கொடுத்து, ஒரு பை கத்திரிக்காயும் கொடுத்தார். உப்பிப்போன பேட்டரியை மணல் வாளியில் போட்டு வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கச் சொன்னது மச்சான்.

அக்கா, ஆறு நாற்று வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வாரம் வருகிறேன். அண்ணாச்சி, மரக்கட்டை உங்கள் கடையுடையது, மறக்கவில்லை. தாத்தா, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மொபெட் எடுத்துவருகிறேன், கடை திறப்பதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். நீங்கள் இன்னும் ட்ரோன் பறந்து பார்க்கவில்லை.