ஏசி விற்பவர்களே, முழு விலையையும் கடையிலேயே சொல்லிவிடுங்கள்

சென்னையில் ஏசி விற்கும் கடைக்காரர்களுக்கும், அதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் விலையும் வாரண்டியும் முடிவு செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் கணக்குப் பிரிவில்தான். பில்லைக் கடைசி வரி வரை படிக்காமல் பணம் கொடுத்துப் பழக்கமில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரம் பார்த்து எங்கள் படுக்கையறை ஏசி படுத்துவிட்டது. வீட்டுக்குள் மாட்டும் யூனிட்டில், கேஸ் ஓடும் குழாய்ச்சுருளான இன்டோர் காயிலில் ஓட்டை. கேஸ் நிரப்பினால் சில வாரம் தாங்கும், அப்புறம் மறுபடி வெறும் காற்றுதான். காயிலை மாற்றிக் கொடுங்கள் என்றால், “அந்த மாடலுக்கு இப்ப காயில் வர்றதில்ல சார், புதுசாவே வாங்கிடுங்க” என்றார்கள்.

சரி, வாங்கினோம். ஒன்றரை டன், மூன்று ஸ்டார், இன்வர்ட்டர். கடையில் தொங்கிய விலைச்சீட்டில் 38,990 ரூபாய். வரி உட்பட என்றும் எழுதியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைக் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்தீர்கள். உண்மைதான், பழைய வரியில் இதே ஏசி 42,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். மிச்சமான அந்த மூவாயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்பதைத்தான் எழுத வந்தேன்.

மறுநாள் மாட்ட வந்த பையன் டேப்பை எடுத்தான். உள்ளே யூனிட் வரும் இடத்திலிருந்து சுவர் வழியாக வெளியே, சன்ஷேடைச் சுற்றி, அவுட்டோர் யூனிட் நிற்கும் இடம் வரை அளந்தான். “பதினெட்டு அடி வருது சார். பெட்டியோட பத்து அடிதான் வரும்.” மீதி எட்டு அடி காப்பர் பைப், அடி 300 ரூபாய். பழைய பைப்பையே போடக்கூடாதா என்று கேட்டேன். பழைய ஏசியின் கேஸ் வேறு, அதோடு ஓடிய ஆயிலும் வேறு, உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சம் புது கம்ப்ரஸருக்கு ஆகாது என்றான். நியாயமான பதில். ஆனால் பழைய ஏசியை மாற்றுகிற எல்லாருக்கும் வரக்கூடிய இந்தச் செலவைக் கடையில் ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லையே!

மற்றதும் வரிசையாக வந்தது. மாட்டுக்கூலி 1,500, பழையதைக் கழற்ற 700, ஸ்டாண்ட் 850, சுவரில் புது ஓட்டை போட 600, தண்ணீர் இறங்கும் பைப் 300, புது ஒயரும், கரண்ட் அதிகமானால் தானாக அணைக்கும் எம்சிபி சுவிட்சும் 1,500. பெட்டியின் மேலேயே ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று அச்சடித்திருக்கிறது. மாட்டி முடித்ததும், “போட்டுக்கறது நல்லது சார், உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா பெரிய செலவு” என்கிறார்கள். அதற்கு 3,000. எல்லாம் சேர்த்து 10,850. ஐம்பதாயிரத்துக்கு 160 ரூபாய்தான் குறைச்சல்.

மாட்ட வந்த பையன்களைக் குறை சொல்லவில்லை. மே மாத வெயிலில், இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் சன்ஷேடில் நின்று வேலை செய்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் நான்கு தடவை போன் செய்துவிடுகிறார். அந்த அவசரத்தில் விட்டுப்போவது வேக்கம் போடுவதுதான். பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். பல வீடுகளில் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு ‘உஸ்’ஸென்று காற்றைத் தள்ளுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரத்தின் விலையைப் பின்னால் கரண்ட் பில்லிலும் கம்ப்ரஸரிலும் கொடுப்பது நாங்கள். மாட்டுக்கூலி என்று வாங்குகிற பணத்தில் வேக்கம் பம்ப் உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் என்ன?

இனி நிறுவனங்களுக்கு. பெட்டியில் பெரிதாகப் போடுவது கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ சாந்தோமிலோ ராயபுரத்திலோ முதலில் போவது கம்ப்ரஸர் இல்லை, காயில். காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் படிந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகிறது. அவுட்டோர் காயிலைத் தொட்டால் தகடு விரலோடு உதிர்ந்து வருவதை இந்தப் பக்கம் யார் வீட்டிலும் பார்க்கலாம். எங்கள் பழைய ஏசியின் வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துப் படித்தேன். காயிலுக்கு ஒரே வருடம். அதிலும் கடலோர உப்புக்காற்றால் வரும் அரிப்பு சேராது என்று எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தது. கடற்கரையோரமாக நீண்டு கிடக்கும் ஊரில் விற்கிற பொருளுக்கு இப்படி ஒரு விதிவிலக்கு! அதைப் பெட்டியின் முகப்பிலேயே, அந்தப் பத்து வருடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஸ்டார் லேபிளில் இருக்கும் வருட யூனிட் கணக்கும் 1,600 மணி நேரத்துக்குத்தான். இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். மார்ச்சில் போட்டால் அக்டோபர் வரை அணைக்க முடியாத ஊரில், அதுவும் பகலிலும் வீட்டில் ஆள் இருந்தால், அந்த எண் எந்த மூலைக்கு? இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் ரேட்டே வேறு. ஐந்து ஸ்டாருக்குக் கூடக் கொடுக்கும் பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதைச் சென்னைக் கணக்கில் சொல்லத் தெரிந்த விற்பனையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உதிரிபாகம் பற்றியும் கேட்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் தொடங்கியது. அப்படியிருந்தும் ஒரு மாடலுக்குக் காயிலும் போர்டும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கடையில் கேட்டால் பதில் இல்லை. போர்டு போனால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், பல நேரம் சரியாகியும் விடுகிறது. காயிலுக்கு அப்படி ஓடவும் இடம் கிடையாது.

பழைய ஏசியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. நீங்கள் சொன்ன தொகையைவிடப் பழைய இரும்புக்காரர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார், உள்ளே இருக்கும் காப்பருக்காக. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பழைய ஏசிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது. பழைய மெஷின்களில் இருக்கும் ஆர்-22 கேஸ், அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. தெருவில் சுத்தியலால் உடைக்கும்போது அது நேராக வானத்துக்குப் போகிறது. மறுசுழற்சிக்குப் போனதற்கு ஒரு ரசீதும், காப்பருக்கு உரிய விலையும் கொடுத்தால் யாரும் இரும்புக்கடையைத் தேட மாட்டார்கள்.

நாங்கள் கேட்பது தள்ளுபடி இல்லை. பணம் வாங்குவதற்கு முன்னால் ஆளை அனுப்பி வீட்டை அளந்து, பைப், ஸ்டாண்ட், ஒயர், கூலி, வேக்கம், காயில் வாரண்டி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்கள் அடுக்ககத்தில் இன்னும் சில வீடுகளில் ஏசி மாற்றுகிற நிலைமைதான். அடுத்த மார்ச்சுக்குள் அப்படி ஒரு தாளை யார் தருகிறார்களோ, அவர்களிடம் மொத்தமாக வாங்குவதாகக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருவான்மியூர்வாசி ஒருவர்