ஹெர்பேரியம் அறையை விட்டுவையுங்கள்

தாவரச் சாறு ஸ்கிரீனிங் திட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு,

வணக்கம். பறித்த செடிகளின் காய்ந்த மாதிரிகளை எண்ணிட்டு வைக்கும் ஹெர்பேரியம் அறையைக் காலிசெய்து அங்கே சாறுகளைச் சோதிக்கும் இரண்டாவது ரோபோவை வைக்கப்போவதாக வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். செடிகளை இனங்காண்பவர் ஓய்வுபெற்றதும், அவர் இடம் இன்றுவரை காலியாகக் கிடப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இப்போது அறையும் போகிறது. அறையை விட்டுவையுங்கள், அந்த இடத்துக்கு ஓர் ஆளைப் போடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எஃப்-7 நினைவிருக்கும். மாதக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிய, சோதனை பிளேட்டின் குழி. அந்தச் சாறு நொதியை நன்றாக அடக்கியது. செடிகளின் துவர்ப்புப் பொருளான டானின்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு, மருந்து கிடைத்ததுபோலப் பொய் ஹிட் காட்டும் என்பதால் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். அப்போதும் அடக்கியது. மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியில் போட்டால், தெரிந்த எந்தச் சேர்மத்தோடும் பொருந்தவில்லை.

சரி, அந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுக்கக் கிலோக்கணக்கில் இலை வேண்டும். இருந்ததோ சில மில்லிகிராம் சாறு. தாய்க்குப்பியைத் தேடி எடுத்தேன். அடியில் பழுப்பாக, பிசின் மாதிரி காய்ந்திருந்தது. லேபிளில் மார்க்கரால் எழுதியதை எப்போதோ சிந்திய எத்தனால் கரைத்து இழுவிவிட்டிருந்தது. விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் தேறியது 'இலை' என்ற சொல்லும் ஒரு '2'-ம். பதிவேட்டில் பேரினம் மட்டும் இருந்தது. இனத்தின் இடத்தில் ஒரு கோடு. ஹெர்பேரியம் எண்ணுக்கான கட்டம் காலி. பறித்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல நாளாயிற்று. தேடிப் பிடித்துக் கேட்டேன். "ஓடைக்கரையில் ஒரு புதர்ங்க" என்றார் பாவம், அதற்கு மேல் அவருக்கும் நினைவில்லை.

அந்தப் பேரினத்தில் ஓடைக்கரையில் வளர்பவை ஐந்து. ஐந்தையும் பறித்துச் சாறெடுத்தோம். எட்டு மாதம் போனது. ஒன்றிலும் அந்தச் சேர்மம் இல்லை. இனம் தப்பா, பருவம் தப்பா, முதல் இலையில் பூஞ்சை ஏதும் குடியிருந்ததா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காய்ந்த கிளைகூட இல்லை.

செடியின் பெயர் தெரிந்தால் போதாதா என்று உங்களில் ஒருவர் முன்பு கேட்டீர்கள். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்காக 2015-ல் நோபல் பெற்ற தூ யூயூவின் குழு முதலில் பயன்படுத்திய பெய்ஜிங் பக்கத்துச் செடியில் அந்த மருந்து மிகக் கொஞ்சமே இருந்தது. எந்த ஊர், எந்தப் பருவம், இலையா தண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் 'செடி'. 1987-ல் மலேசியாவின் சரவாக்கில் எடுத்த ஒரு கலோஃபில்லம் மரத்தின் சாறு எச்ஐவியைத் தடுத்தது. திரும்பிப் போனபோது அந்த மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் அது என்ன மரம் என்று தெரிந்திருந்தது. அதனால் அதன் உறவு மரங்களைத் தேடிப் போய், ஒன்றின் பாலில் கிட்டத்தட்ட அதே சேர்மத்தைக் கண்டார்கள். எங்களுக்கு மரமும் இல்லை, உறவும் இல்லை.

புது ரோபோ ஒரு நாளில் ஆயிரக்கணக்கான குழிகளைப் படிக்குமாம். நல்லது. பெயர் தெரியாத சாற்றையும் அதே வேகத்தில் படிக்கும். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை ஏறும், படம் வண்ணத்தில் வரும். பயணப்படிக்கு ஒரு பஸ் டிக்கெட் காட்ட மூன்று கையெழுத்து வாங்குகிறீர்கள். சாறு உள்ளே வர ஒரு கையெழுத்தும் வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்து வைத்து எடுத்து டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சாறு திரிந்துபோவதைப் பற்றி எழுதிய மூன்று மடலுக்கும் பதில் வரவில்லை, அது வேறு கதை.

மன்னிக்கவும், சூடாகிவிட்டேன். புது ரோபோ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு வேறு இடம் பாருங்கள். ஹெர்பேரியம் அறை இருக்கட்டும். இனங்காண ஓர் ஆள் வரட்டும். அவர் கையெழுத்தும் ஹெர்பேரியம் எண்ணும் இல்லாத எந்தச் சாறும் பிளேட்டில் ஏற வேண்டாம். தயவுசெய்து இந்த அளவுக்காவது இணங்குங்கள்.

அலமாரிகளை எடுக்க ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்களாம். அதற்குள் ஒரு வரி பதில் வந்தால் போதும்.

பணிவுடன்,
சாறெடுக்கும் பிரிவிலிருந்து ஒருவர்